அதே ஆட்கள்தானே, அப்படி என்னத்தை மாற்றுகிறார்கள்?

கல்முனையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவருடைய அண்ணா ஸ்காபரோவில் இருக்கிறார், ரொறன்ரோ மேப்பிள் லீஃப்ஸ் என்றால் உயிர். 2025 மே மாதம் புளோரிடா பாந்தர்ஸுடன் நடந்த ஐஸ் ஹொக்கி பிளேஓஃப் (ஏழில் நான்கை வென்றவர் அடுத்த சுற்றுக்குப் போகும்) தொடரில் முதல் இரண்டு ஆட்டத்தையும் ரொறன்ரோ வென்றது. கடைசியில் ஏழாவது ஆட்டத்தில், சொந்த ஊரில், 6-1 என்று தோற்று வெளியே போனது. அண்ணா சொல்லும் காரணம் ஒரே வரி: "புளோரிடாக்காரன் அட்ஜஸ்ட் பண்ணிட்டான்." தம்பிக்கு அது விளங்கவில்லை. இரண்டு பக்கமும் அதே ஆட்கள், அதே ஐஸ், அதே ரப்பர் வட்டு. ஒரு ஆட்டத்துக்கும் அடுத்ததற்கும் இடையில் ஒரு நாளோ இரண்டு நாளோ. அதற்குள் என்னத்தைப் பெரிதாக மாற்றிவிட முடியும், இல்லை இது தொலைக்காட்சியில் பேசுகிறவர்கள் நேரம் போக்கச் சொல்லும் கதையா என்று கேட்கிறார்.

இதற்குள் இரண்டு கேள்வி இருக்கிறது தம்பி. பயிற்றுநர்கள் ஒரு தொடருக்குள் எதையெல்லாம் மாற்றுகிறார்கள் என்பது ஒன்று. அந்த மாற்றத்தால்தான் வென்றார்களா என்பது இன்னொன்று. முதலாவதற்கு நேராகப் பதில் சொல்லலாம், ஏனென்றால் அது கண்ணுக்குத் தெரிகிற விஷயம். இரண்டாவதில்தான் ஆட்கள் அளவுக்கு மிஞ்சி நம்பிக்கையோடு பேசுகிறார்கள். உங்கள் அண்ணாவும் அந்தக் கூட்டம்தான் என்று நினைக்கிறேன், கோபிக்க வேண்டாம் என்று சொல்லுங்கள்.

நான் யார் என்றும் சொல்லிவிடுகிறேன். மட்டக்களப்பில் இருபத்து நான்கு வருடம் உடற்கல்வி படிப்பித்து ஓய்வுபெற்றவள். பெண்பிள்ளைகளுக்குப் புல்தரை ஹொக்கியும் கூடைப்பந்தும் பழக்கினேன். ஐஸில் ஒரு நாள்கூடச் சறுக்கியதில்லை. கனடாவின் மார்க்கம் நகரில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போன இரண்டு குளிர்காலங்களில், பேரன் பழகும் அரினாவில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்து பார்த்ததுதான் தொடக்கம். ஊருக்கு வந்த பிறகும் அந்தப் பைத்தியம் விடவில்லை. அங்கே மாலை ஏழு மணிக்குத் தொடங்கும் ஆட்டம் பிளேஓஃப் காலத்தில் எங்களுக்கு அதிகாலை நாலரை. எனவே சறுக்கும் கால்வேலையைப் பற்றி என்னிடம் கேட்கக் கூடாது. ஒரே அணியைத் திரும்பத் திரும்பச் சந்திக்கும்போது இரண்டு பக்கத்துப் பயிற்றுநர்களும் என்ன செய்வார்கள் என்பது மட்டும் எனக்குக் கொஞ்சம் தெரியும்.

மாற்றம் என்றவுடன் எல்லாரும் புதுத் திட்டம் ஒன்றை நினைக்கிறார்கள். அப்படி ஒன்று கிடையாது. எண்பத்திரண்டு ஆட்டம் ஒரு முறையில் ஆடிப் பழகிய அணிக்கு மே மாதத்தில் ஒரே இரவில் புது முறை பழக்க முடியாது. பழக்கினால் ஆட்கள் ஐஸில் நின்று யோசிப்பார்கள், யோசிக்கிற நேரத்தில் கோல் விழும். நடப்பது இதுதான்: எதிரணிக்குக் கைவந்த ஒன்றைத் தேடிப் பிடித்து, அதை மட்டும் செய்யவிடாமல் பண்ணுவது. அதற்கு ஒரு ஆளைப் பத்தடி முன்னே நிறுத்தினால் போதும், அல்லது யார் யாருக்கு எதிராக இறங்குவது என்பதை மாற்றினால் போதும். ஆனால் பத்தடி முன்னே போனவன் விட்டுவந்த இடம் வெறுமையாக இருக்கும். எதிர்ப்பக்கப் பயிற்றுநர் அதைத்தான் தேடுவார். தொடர் முழுக்க நடப்பது இந்தத் திறப்பும் அடைப்பும்தான்.

முதலில் சந்தேகமே இல்லாத ஒன்றைச் சொல்கிறேன்: சொந்த ஊரின் கடைசி மாற்றம். ஐஸ் ஹொக்கியில் ஒரு அணிக்குப் பதினெட்டு ஆட்டக்காரரும் இரண்டு கோலிகளும் (கோல் காப்பவர்கள்). சாதாரணமாக மூன்று மூன்று பேராக நான்கு முன்வரிசை, அவற்றை லைன் என்பார்கள். இரண்டு இரண்டு பேராக மூன்று தற்காப்புச் சோடி. ஒரு லைன் முக்கால் நிமிடம் அளவுக்கு உயிரைக் கொடுத்து ஓடிவிட்டு பெஞ்சுக்கு வரும், அடுத்தது இறங்கும். ஆட்டம் நின்று மீண்டும் தொடங்கும் ஒவ்வொரு முறையும், வந்த அணி தன் ஐந்து பேரை முதலில் இறக்க வேண்டும். அதைப் பார்த்துவிட்டுத்தான் சொந்த ஊர்க்காரர் தன் ஐந்து பேரை இறக்குவார். சீட்டாட்டத்தில் மற்றவரின் சீட்டைப் பார்த்துவிட்டு நம் சீட்டைப் போடுவது மாதிரி. ஏழு ஆட்டத் தொடரில் 1, 2, 5, 7 ஆகியவை ஒருவர் ஊரில், 3, 4, 6 மற்றவர் ஊரில். ஆகவே மூன்றாவது ஆட்டத்தில் திடீரென்று ஒரு நட்சத்திரம் காணாமல் போய்விட்டார் என்று நீங்கள் கண்டால், பெரிய தந்திரம் எதையும் தேட வேண்டாம். ஊர் மாறியது, கடைசி மாற்றம் கைமாறியது, அவர் தலைமேல் ஒரு ஆளை ஏற்றிவிட்டார்கள்.

மட்டக்களப்பில் கூடைப்பந்து பார்த்து வளர்ந்தவருக்கு இதை விளக்கத் தேவையே இல்லை. அமெரிக்காவிலிருந்து வந்த யேசுசபைக் குருமார் இங்கே அந்த விளையாட்டை ஊன்றிவிட்டுப் போனார்கள். வெபர் அடிகளாரின் பெயரில் மைதானமே இருக்கிறது. அந்த மரபில் பழகியவர்களிடம் நாங்கள் படித்த முதல் பாடம், எதிரணியில் யார் பந்தை விரும்புகிறாரோ அவரிடம் உன் ஆகப் பிடிவாதமான பிள்ளையை ஒட்டிவிடு என்பது. உயரமான பிள்ளையோ வேகமான பிள்ளையோ இல்லை, பிடிவாதமானதை. ஐஸ் ஹொக்கியிலும் அந்த வேலைக்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள். புளோரிடாவின் அலெக்சாண்டர் பார்கோவ் அப்படி ஒருவர். தற்காப்பில் சிறந்த முன்வரிசை ஆட்டக்காரருக்குக் கொடுக்கும் செல்கி விருதை 2021, 2024, 2025 என்று மூன்று தடவை வாங்கியவர். இன்னும் பழைய காயம் ஒன்றும் உங்கள் அண்ணாவுக்கு இருக்கும். 2021 இல் மொன்றியல் தொடர். அந்தப் பருவத்தில் 52 ஆட்டத்தில் 41 கோல் அடித்து லீக்கிலேயே முதலாவதாக வந்த ரொறன்ரோவின் ஒஸ்டன் மத்தியூஸ், மொன்றியலுக்கு எதிராக ஏழு ஆட்டத்தில் ஒன்றே ஒன்று அடித்தார். மிட்ச் மார்னர் ஒன்றும் இல்லை. அவர்கள் இறங்கும்போதெல்லாம் பிலிப் டனோ என்பவரின் லைன் ஒட்டிக்கொண்டே இருந்தது. 3-1 என்று தொடரில் முன்னே நின்ற ரொறன்ரோ மூன்று ஆட்டத்தையும் தொடர்ந்து தோற்றது.

இதற்கு மாற்று மருந்து என்ன? வந்த அணிப் பயிற்றுநருக்குச் சில வழி உண்டு. ஆட்டம் நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஆட்களை மாற்றி, ஒட்டிக்கொண்டிருப்பவரைக் கழற்றிவிடுவது ஒன்று. தன் இரண்டு நட்சத்திரங்களையும் வெவ்வேறு லைனில் போட்டு, எதை அடைப்பது என்று எதிராளியைத் தவிக்க விடுவது இன்னொன்று. 2013 இறுதித் தொடரில் சிக்காகோவின் ஜோயல் குவென்வில் செய்தது நேர் எதிர்மாறு, அதனால்தான் எனக்கு அது பிடிக்கும். பொஸ்டன் பக்கத்தில் ஆறடி ஒன்பது அங்குல ஸ்டெனோ சாரா என்ற மலை. முதல் மூன்று ஆட்டத்தில் தன் நட்சத்திரங்களான ஜொனதன் டேவ்ஸையும் பட்ரிக் கேனையும் பிரித்து ஆடவிட்டார், பொஸ்டன் 2-1 என்று முன்னே போனது. நான்காவது ஆட்டம் பொஸ்டனில், கடைசி மாற்றம் கையில் இல்லை. சாராவைத் தவிர்க்க வழியில்லை என்றானபின் குவென்வில் இருவரையும் ஒரே லைனில் சேர்த்து, கூடவே வாட்டசாட்டமான பிரையன் பிக்கெலையும் போட்டு, நேராக அந்த மலையின்மேலேயே விட்டார். 6-5 என்று ஓவர்டைமில் வென்றார்கள், அந்தக் கோல்களில் பெரும்பாலானவை சாரா ஐஸில் நிற்கும்போதே விழுந்தன. அதற்குப் பிறகு பொஸ்டன் ஒரு ஆட்டமும் வெல்லவில்லை. ஆறாவது ஆட்டத்தின் முடிவில் பதினேழு விநாடிக்குள் இரண்டு கோல் அடித்துக் கிண்ணத்தைத் தூக்கினார்கள். அந்தப் பதினேழு விநாடியை எந்தப் பயிற்றுநரின் கணக்கில் எழுதுவது என்று கேட்டால், நான் ஒருவர் கணக்கிலும் எழுத மாட்டேன்.

அடுத்தது, என் கண்ணுக்கு ஆட்களைவிட முக்கியமாகப் படுவது: வட்டைத் தன் பகுதியிலிருந்து வெளியே கொண்டுவரும் முதல் பாஸ். ஐஸ் மைதானம் 200 அடி நீளம், 85 அடி அகலம், சுற்றிவரப் பலகைச் சுவர். இரண்டு நீலக்கோடுகள் அதை மூன்றாகப் பிரிக்கின்றன. எதிராளி வட்டை உங்கள் மூலைக்குள் எறிந்துவிட்டு ஓடிவருகிறான் என்று வையுங்கள். உங்கள் தற்காப்பு ஆள் முதுகைக் காட்டிக்கொண்டு அதை எடுக்கப் போகிறார். அந்த இரண்டு விநாடியில் பின்னால் வருவது ஒருவரா, இரண்டு பேரா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஒருவரை மட்டும் அனுப்பி மற்றவர்கள் நடுவில் காத்திருப்பது நிதானமான முறை. இரண்டு பேரை அனுப்பி மூலையிலேயே நெரிப்பது ஆபத்தான முறை; வட்டு ஒருமுறை வெளியே தப்பிவிட்டால் உங்கள் பக்கம் ஆள் குறைவு. ஒரே அணி இரண்டையும் வைத்திருக்கும். கோல் கணக்கையும் களைப்பையும் எதிராளியின் பலவீனத்தையும் பார்த்து எதை எவ்வளவு நேரம் என்று தீர்மானிப்பார்கள்.

புளோரிடாவுக்கு இந்த மூலை நெருக்கல்தான் பிழைப்பே. ரொறன்ரோ தோற்ற 5ஆம் 7ஆம் ஆட்டங்களில் தற்காப்பு ஆட்கள் எத்தனை தடவை பார்க்காமலேயே வட்டைப் பலகையோரமாக அறைந்து விட்டார்கள் என்று பாருங்கள். அப்படி அறைந்தது நேரே நீலக்கோட்டில் காத்துநிற்கும் புளோரிடாக்காரனின் மட்டையில் போய் விழும். மறுகா திரும்பவும் முதலிலிருந்து. இதற்கு வழக்கமான பதில்: நடு ஆட்டக்காரரைக் கீழே, கோலுக்குக் கிட்டவே இறக்கி வைத்து, பலகையோரத்துக்குப் பதிலாக நடுவால் ஐந்தடி பாஸ் ஒன்று போட்டுக் கழன்றுகொள்வது. கேட்கச் சுலபம். நடுவில் போட்ட பாஸ் பறிபோனால் கோலிக்கு முன்னால் நேரடி அடி. பயந்த அணி அதைப் போடாது. 2-0 என்று ரொறன்ரோ வென்ற ஆறாவது ஆட்டத்தில் அந்தப் பயம் குறைவாகத் தெரிந்தது என்பது என் அபிப்பிராயம், கண்ணால் பார்த்த அளவில்.

என்னுடைய சொந்தத் தோல்வி ஒன்றையும் சொன்னால் இது இன்னும் விளங்கும். ஒருமுறை மாகாண மட்டப் புல்தரை ஹொக்கிப் போட்டிக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். முதல் நாள் ஒரு பாடசாலையிடம் 2-0 என்று தோற்றோம். அடுத்த நாள் இறுதியாட்டத்திலும் அதே பாடசாலைதான். அவர்களுடைய வலது பின்வரிசைப் பிள்ளை நல்ல உயரம். கிடைத்த ஒவ்வொரு அடியையும் வலது கோட்டோரமாகவே நீட்டி அடித்தாள், எங்கள் பிள்ளைகள் மூச்சு வாங்கத் திரும்பி ஓடினார்கள். அன்று இரவு நாங்கள் தங்கியிருந்த வகுப்பறையில், மேசைகளை ஒதுக்கிவிட்டு, சீமெந்துத் தரையில் புளியங்கொட்டைகளை அவர்களாகவும் சிரட்டைத் துண்டுகளை எங்களாகவும் வைத்துக் காட்டினேன். எங்கள் இடது விங் ஆடும் சின்னப்பிள்ளையைப் பத்து யார் தூரம் முன்னால், அந்தக் கோட்டிலேயே நிற்கச் சொன்னேன். பந்தைப் பறிக்க வேண்டாம், சும்மா வழியை மறித்துக்கொண்டு நில் என்று. அவள் ஒரு சிரட்டையைக் கையில் எடுத்து, "இதுக்குள்ள நான் நிற்கிறேன் மிஸ்" என்றாள்.

அடுத்த நாள் முதல் பாதியில் அது அப்படியே பலித்தது. உயரப் பிள்ளைக்குக் கோட்டோரம் அடைபட்டது, நடுவால் அடித்தாள், அங்கே எங்கள் ஆள் நின்றது, ஒரு கோலும் போட்டோம். எனக்குத் தலைகால் தெரியாத சந்தோஷம். இரண்டாம் பாதியில் அந்தப் பக்கத்து ஆசிரியர் ஒரே ஒரு வேலை செய்தார்: உயரப் பிள்ளையை இடது பக்கத்துக்கு மாற்றினார், இடதில் நின்றவளை வலதுக்கு. அவ்வளவுதான். என் சின்னப்பிள்ளை இப்போது ஒன்றுக்கும் உதவாத இடத்தை விசுவாசமாக மறித்துக்கொண்டு நிற்கிறாள். பந்து மற்றப் பக்கத்தால் போகிறது. எனக்கு அது விளங்கப் பத்து நிமிடம் பிடித்தது. அதற்குள் 1-1. கடைசியில் பெனால்டி அடிகளில் தோற்றோம். பந்து எங்கே போகிறதோ அங்கேயே என் தலையும் கிறுகிக்கொண்டிருந்ததால்தான் அது கண்ணில் படவில்லை. அந்த ஆசிரியரிடம் பிறகு கேட்டபோது, முதல் பாதி முடியுமுன்பே மாற்ற நினைத்ததாகவும், இடைவேளையில் எனக்கு யோசிக்க நேரம் கிடைக்கக் கூடாது என்பதற்காகப் பிந்திச் செய்ததாகவும் சொன்னார். மாற்றத்தை எப்போது வெளியே விடுவது என்பதும் மாற்றத்தின் ஒரு பகுதி என்று அன்றுதான் படித்தேன்.

ஐஸ் ஹொக்கியிலும் இதற்கு ஒரு பழைய, பெரிய கதை இருக்கிறது, அதுவும் ரொறன்ரோவுடையது. 1942 இறுதித் தொடர், எதிரே டெட்ரோயிட். அந்தக் காலத்தில் வட்டைத் தட்டிக்கொண்டு போவதுதான் வழக்கம். டெட்ரோயிட் பயிற்றுநர் ஜாக் அடம்ஸ், வட்டை மூலைக்குள் எறிந்துவிட்டு ஓடிப் பிடிக்கச் சொன்னார். ரொறன்ரோவின் கனத்த தற்காப்பு ஆட்களால் திரும்பி ஓட முடியவில்லை, மூன்று ஆட்டமும் போய்விட்டது. பயிற்றுநர் ஹப் டே அப்போது செய்ததை இன்று யாராவது செய்தால் ஊரே கத்தும்: அணியில் அதிகக் கோல் அடித்த கோர்டி டிரில்லனையும், அனுபவமுள்ள தற்காப்பு ஆள் பக்கோ மெக்டொனால்டையும் உட்காரவைத்துவிட்டு, கால் வேகமான ஆட்களை இறக்கினார். உள்ளே வந்த டொன் மெட்ஸ் ஐந்தாவது ஆட்டத்தில் மூன்று கோல் அடித்தார், 9-3. நான்கு ஆட்டத்தையும் தொடர்ந்து வென்று கிண்ணம் ரொறன்ரோவுக்கு. இறுதித் தொடரில் 0-3 இலிருந்து மீண்டு வென்றவர்கள் இன்றுவரை அவர்கள் மட்டும்தான். ஆனால் கதையில் எல்லாரும் விட்டுவிடும் துண்டு ஒன்று உண்டு: நான்காவது ஆட்டம் முடிந்ததும் அடம்ஸ் ஐஸில் இறங்கி நடுவரைத் தாக்கித் தடைசெய்யப்பட்டார். மிச்ச ஆட்டங்களில் டெட்ரோயிட் பெஞ்சில் அவர் இல்லை. டேயின் மாற்றம் எவ்வளவு, அடம்ஸ் இல்லாதது எவ்வளவு என்று யார் பிரித்துச் சொல்வது?

பவர் பிளே பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒருவர் தவறு செய்து இரண்டு நிமிடம் வெளியே உட்கார, ஐந்து பேர் நால்வரை எதிர்த்து ஆடுவது அது. தொடருக்குள் ஆகக் கெதியாகப் பழுதாவது இதுதான், ஏனென்றால் அதில் எல்லாம் ஒத்திகை பார்த்த அசைவு. இரண்டு ஆட்டத்து வீடியோவைப் பார்த்தால் யார் எங்கே நின்று அடிப்பார் என்று எதிராளிக்கு மனப்பாடம். அப்போது நிற்கும் இடங்களைக் கொஞ்சம் மாற்றுவார்கள், இல்லாவிட்டால் ஆளை மாற்றுவார்கள். இதில் தொலைக்காட்சிக்காரர் சொல்வதைப் பெரும்பாலும் நம்பலாம்.

நம்ப முடியாத இடம் கோலி. 2010 இல் வாஷிங்டன் லீக்கிலேயே முதல் இடம், 121 புள்ளி, பவர் பிளேயும் முதலாவது. முதல் சுற்றில் மொன்றியலிடம் 3-1 என்று முன்னே இருந்து தோற்றார்கள். பவர் பிளே முப்பத்து மூன்று வாய்ப்பில் ஒரே ஒரு கோல். மொன்றியல் எல்லாரும் கோலுக்கு முன்னால் குவிந்து, அடிகளுக்கு முன்னால் விழுந்து படுத்தார்கள், அது உண்மையான மாற்றம்தான். ஆனால் ஆறாவது ஆட்டத்தில் கோலி யாரோஸ்லாவ் ஹலாக் கோலை நோக்கி வந்த 54 அடியில் 53ஐப் பிடித்தார். ஐம்பத்து நான்கு அடியை விட்டுக்கொடுத்த திட்டத்தை நல்ல திட்டம் என்று எந்த மனதோடு சொல்வது? ஹலாக் அன்று சாதாரணமாக ஆடியிருந்தால் அதே திட்டத்தைக் கோழைத்தனம் என்று எழுதியிருப்பார்கள். 2025 இறுதித் தொடரில் எட்மன்ரன் நான்காவது ஆட்டத்தில் 0-3 என்று பின்னால் போனதும் ஸ்கின்னரை எடுத்துவிட்டு பிக்கார்டை இறக்கியது, 5-4 என்று வென்றது, எல்லாரும் புகழ்ந்தார்கள். ஐந்தாவதில் அதே பிக்கார்டோடு 5-2 என்று தோற்றார்கள், ஆறாவதில் திரும்ப ஸ்கின்னரோடு 5-1. புகழ்ந்தவர்கள் இரண்டு நாளில் மாறிப் பேசினார்கள்.

இப்போது உங்கள் அண்ணாவின் வரிக்கு வருகிறேன். ரொறன்ரோ முதல் இரண்டு ஆட்டத்தை வென்றது 5-4, 4-3 என்று. மூன்றாவதில் 3-1 என்று முன்னே இருந்தது. புளோரிடா திரும்பிவந்து ஓவர்டைமில் பிராட் மார்ஷண்ட் அடித்த கோலால் 5-4 என்று வென்றது. மூன்று ஆட்டமும் ஒரே ஒரு கோல் வித்தியாசம். அந்த ஓவர்டைமில் முதல் கோல் மற்றப் பக்கம் விழுந்திருந்தால் தொடர் 3-0. அப்போது "புளோரிடா அட்ஜஸ்ட் பண்ணிட்டான்" என்று ஒருவரும் சொல்லியிருக்க மாட்டார்கள், "ரொறன்ரோ திருந்திட்டுது" என்றிருப்பார்கள். புளோரிடாவின் நெருக்கல் முதல் ஆட்டத்திலிருந்தே இருந்ததுதான். போகப் போக ரொறன்ரோவின் கால்கள் அதற்குப் பதில் சொல்லவில்லை. அது மாற்றமா, தேய்மானமா? இரண்டும் கலந்தது என்றுதான் நான் சொல்வேன், தேய்மானத்துக்கே அதிக பங்கு கொடுப்பேன். முதல் ஆட்டத்திலேயே ரொறன்ரோவின் முதல் கோலி ஸ்டோலர்ஸ் காயப்பட்டு வெளியே போனதையும் மறக்கக் கூடாது. பிளேஓஃப் காலத்தில் மற்றக் காயங்களை வெளியே சொல்லவே மாட்டார்கள், "மேலுடம்பு", "கீழுடம்பு" என்ற இரண்டு சொல்லோடு நிறுத்திக்கொள்வார்கள். வெளியே இருந்து பார்க்கிற நாங்கள் திட்டம் என்று நினைக்கும் பாதி விஷயம் உள்ளே ஒருவரின் முழங்கால் வீக்கமாக இருக்கலாம்.

நீங்களே பார்த்துக் கண்டுபிடிக்க ஆசை என்றால் இரண்டாவது பீரியட்டைப் பாருங்கள். ஒவ்வொரு இருபது நிமிடத்துக்கும் பக்கம் மாறுவதால், இரண்டாவதில் இரண்டு அணிக்கும் தங்கள் பெஞ்ச் சொந்தக் கோலிலிருந்து தூரமாகிவிடும். களைத்துப்போன தற்காப்பு ஆட்கள் மாற முடியாமல் அகப்படுவது அப்போதுதான். நெரிக்கிற அணி இரண்டு பேரை அனுப்பத் தொடங்குவதும் அநேகமாக அப்போதுதான். வட்டைத் தள்ளிவிட்டு மூச்சு வாங்கலாம் என்று பார்த்தால், ஐசிங் (தன் பாதியிலிருந்தே வட்டை மற்ற முனைக் கோல்கோட்டைத் தாண்ட அடித்த தவறு) என்று விசில் ஊதினால் அந்த ஐந்து பேரும் மாற முடியாது, அதே களைப்போடு திரும்ப நிற்க வேண்டும். பயிற்றுநர் முதல் இடைவேளையில் சொன்னது ஐஸில் தெரியும் நேரமும் அதுதான்.

ஒரு கொப்பியும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். 2025 தொடரின் இரண்டாம் ஆட்டத்தையும் ஐந்தாம் ஆட்டத்தையும் எடுத்து, ரொறன்ரோ தன் பகுதியிலிருந்து வட்டை எத்தனை தடவை பாஸாக வெளியே கொண்டுவந்தது, எத்தனை தடவை சும்மா அறைந்துவிட்டது என்று கோடு போட்டு எண்ணுங்கள். கோல்களை எண்ண வேண்டாம். பேரனும் நானும் ஒருமுறை ஒரே பீரியட்டை இப்படி எண்ணியபோது எங்கள் கணக்கு ஒத்துவரவில்லை. பலகையில் பட்டு வெளியே போய் யாருக்கும் சொந்தமில்லாமல் ஓடியதை அவன் "வெளியே வந்திட்டுதுதானே அம்மம்மா" என்று ஒரு பக்கம் போட்டான், நான் தொலைந்தது என்று மற்றப் பக்கம் போட்டிருந்தேன். அண்ணாவோடு சேர்ந்து எண்ணுவதாக இருந்தால் அதை எந்தப் பக்கம் போடுவது என்று தொடங்குமுன்பே பேசிக்கொள்ளுங்கள்.